வீடு சொந்தம், அடிமனை வாடகை: கலிபோர்னியாவின் மொபைல் ஹோம் பார்க்குகளில் நகராட்சிக்கு என்ன வேலை?

கேள்வி இது: சான் ஹோசேயில் பணிபுரியும் ஒருவர், ஓய்வுபெற்ற தம் பெற்றோருக்காக ஒரு மொபைல் ஹோம் பார்க்கில் வீடு வாங்க நினைக்கிறார். வீட்டுக்கு ஒரு விலை, வீடு நிற்கும் இடத்துக்கு மாதாமாதம் வாடகை. ‘அந்த வாடகையை நகராட்சி கட்டுப்படுத்துகிறது, கவலை வேண்டாம்’ என்கிறார் தரகர். தனியார் நிலத்தின் வாடகையை நிர்ணயிக்க நகராட்சிக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது, அந்தக் கட்டுப்பாட்டை நம்பிப் பணத்தைப் போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பெயரிலேயே ஒரு ஏமாற்று இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். ‘மொபைல்’ என்றதும் நம்மவர்கள் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் வண்டி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றி, ஒரே ஒருமுறை பயணம் செய்யும் வீடு. பார்க்குக்கு வந்து சேர்ந்ததும் சக்கரத்தையும் அச்சையும் கழற்றிவிட்டு, முட்டுக்கால்கள் மீது சமமாக நிறுத்தி, சுற்றிலும் பலகையால் அடைப்பு வைத்து, குழாய்களையும் மின்சாரத்தையும் இணைத்து, வாசலுக்குப் படியும் பக்கத்தில் கார் நிறுத்தக் கூரையும் போட்டுவிடுகிறார்கள். அதன்பின் அதைப் பெயர்த்தெடுத்து வேறிடம் கொண்டுபோகும் செலவு, பல நேரங்களில் வீட்டு விலையிலேயே பெரும்பகுதியை விழுங்கிவிடும். இப்படி நிறுத்தப்பட்ட நூறு வீடுகளில் ஏறக்குறைய ஒன்றுதான் எப்போதாவது இடம் மாறுகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறது. அப்படியே பெயர்த்தாலும், பழைய வீட்டை ஏற்றுக்கொள்ளக் காலி இடமுள்ள இன்னொரு பார்க் கிடைப்பது அரிது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகை ஏறினால், வருத்தத்தோடாவது பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இங்கே அது முடியாது. ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ டாலர் போட்டு வாங்கிய வீடு அடுத்தவர் மண்ணில் நிற்கிறது. மண்ணின் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தினால் அதைக் கொடுக்க வேண்டும், அல்லது வீட்டை விற்க வேண்டும். விற்கப் போனாலோ, உயர்ந்த வாடகையைப் பார்த்து வாங்குபவர் விலையைக் குறைப்பார். நகராட்சிகள் தலையிட்டதற்கான காரணம் முழுவதும் இந்த ஒரு நிலைமைக்குள் அடங்கியிருக்கிறது.

நமக்கு இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. அடிமனை ஒருவருடையது, மேலே எழுப்பிய கட்டடம் இன்னொருவருடையது என்ற நிலை சென்னையில் பழங்காலத்திலிருந்தே உண்டு. இடத்தை வாடகைக்கு எடுத்து அதில் வீடு கட்டிக்கொண்டவர்களை வெறுங்கையோடு வெளியேற்றக் கூடாது என்பதற்காகத்தான் 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டடத்துக்கு இழப்பீடு, குறிப்பிட்ட சூழலில் நிலத்தையே விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை என்ற வழியை அது எடுத்தது. கலிபோர்னியா வேறு வழியை எடுத்தது. நிலம் நிலக்காரரிடமே இருக்கும், வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதை மட்டும் உள்ளூர் அரசு பார்த்துக்கொள்ளும்.

அதிகாரம் எங்கிருந்து வந்தது என்றால், பொது நலனுக்காகச் சட்டம் செய்ய உள்ளாட்சிகளுக்கு மாநில அரசியலமைப்பு தரும் பொது அதிகாரத்திலிருந்து. பெர்க்லி நகரைப் பற்றிய 1976ஆம் ஆண்டு வழக்கொன்றில், வாடகைக் கட்டுப்பாடு அந்த அதிகாரத்துக்குள் அடங்கும் என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் கூறியது. கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தது: உரிமையாளருக்கு நியாயமான வருவாய் கிடைக்க வழி இருக்க வேண்டும், அந்த வழி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் வழியாக இருக்கக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகிலுள்ள கார்சன் நகரம் 1979இல் பார்க்குகளுக்கென்றே கொண்டுவந்த சட்டத்தை அதே நீதிமன்றம் 1983இல் ஏற்றுக்கொண்டது. இன்று அம்மாநிலத்தில் ஏறக்குறைய நூறு நகரங்களிலும் கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) இப்படிப்பட்ட சட்டம் இருக்கிறது.

மாநிலச் சட்டமும் ஒன்று உண்டு; 1978இல் தொகுக்கப்பட்ட மொபைல் ஹோம் குடியிருப்புச் சட்டம் அது. வாடகையை உயர்த்த 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சட்டம் எண்ணிச் சொல்லியிருக்கும் காரணங்கள் இல்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது. வீட்டை விற்க முனைபவரைப் பார்க் நிர்வாகம் தடுக்கக் கூடாது. ஆனால் வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு அதில் பொதுவான உச்சவரம்பு கிடையாது. 2019இல் அடுக்குமாடி வீடுகளுக்கென மாநிலம் விதித்த உச்சவரம்பும் இப்படிப்பட்ட இடவாடகைக்குப் பொருந்தாது. 2021இல், இரண்டு நகரங்களின் எல்லைக்குள் பரவிக் கிடக்கும் பார்க்குகளுக்கு மட்டும் மாநிலம் ஒரு வரம்பு விதித்தது. அனஹைம், ஃபுல்லர்டன் ஆகிய இரு நகரங்களிலும் கால் வைத்திருந்த ஒரு பார்க்கில் எழுந்த சிக்கலின் விளைவு அது. ஆகவே, உங்கள் நகரமோ கவுண்டியோ சட்டம் செய்திருந்தால் பாதுகாப்பு உண்டு. செய்யவில்லையென்றால் 90 நாள் நோட்டீஸ் மட்டும்தான் உண்டு. சாலையின் ஒரு பக்கம் நகராட்சி எல்லை, மறுபக்கம் கவுண்டி நிர்வாகம் என்றிருக்கும் இடங்களில், அஞ்சல் முகவரியில் நகரத்தின் பெயர் இருப்பதை நம்பி ஏமாறுபவர்கள் உண்டு.

சட்டங்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் அடித்தளம் ஒன்றே. ஆண்டுதோறும் கேட்காமலேயே உயர்த்திக்கொள்ளக்கூடிய ஓர் அளவு இருக்கும். பெரும்பாலும் விலைவாசியை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏறிய விகிதத்தோடு அது கட்டப்பட்டிருக்கும். சான் ஹோசேயில் குறியீட்டெண் உயர்வில் 75 சதவீதம், ஆனால் 3 சதவீதத்துக்குக் குறையாமலும் 7 சதவீதத்துக்கு மேற்படாமலும். பக்கத்து மௌன்டன் வியூ நகரம் பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2021 செப்டம்பரில்தான் தன் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே குறியீட்டெண் உயர்வு முழுவதும், 2 முதல் 5 சதவீதத்துக்குள். அதே ஆண்டு சன்னிவேல் நகரம் சட்டத்துக்குப் போகாமல் பார்க் உரிமையாளர்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் பாதையைத் தேர்ந்தது. மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிய பகுதிகள். ஒரே மாதிரி வீடு, மூன்று வகை வாடகை விதி.

இந்த அளவுக்கு மேல் உயர்த்த வேண்டுமென்றால் உரிமையாளர் மனுச் செய்ய வேண்டும். விசாரணை நடக்கும், கணக்கேடுகள் வரும், குடியிருப்போர் தரப்பிலும் கணக்குத் தெரிந்த ஒருவர் வருவார். அங்கே பெரும்பாலும் நடப்பது ஒரே ஒரு கணக்கைப் பற்றிய சண்டைதான் என்பதால் அதைச் சற்று விளக்குகிறேன்.

நிகர இயக்க வருமானத்தைக் காத்தல் என்பது அந்தக் கணக்கின் பெயர். கட்டுப்பாடு வருவதற்கு முந்தைய ஓர் ஆண்டை அடிப்படை ஆண்டாக வைத்துக்கொள்கிறார்கள். கற்பனையாக 100 இடங்கள் கொண்ட ஒரு பார்க்கை எடுத்துக்கொள்வோம். அடிப்படை ஆண்டில் வாடகை வரவு 10 லட்சம் டாலர், நிர்வாகச் செலவு 4 லட்சம், நிகர வருமானம் 6 லட்சம். அதன்பின் விலைவாசி 50 சதவீதம் ஏறியிருக்கிறது என்றால், உரிமையாளருக்கு இன்று 9 லட்சம் நிகரமாகக் கிடைக்க வேண்டும். இன்றைய செலவு ஆறரை லட்சம் என்று நிரூபித்துவிட்டால், 15 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வரவு தேவை. இப்போதைய வரவு 14 லட்சத்து 80 ஆயிரம். குறைவது 70 ஆயிரம். அதை 100 இடங்களுக்கும் 12 மாதங்களுக்கும் பகிர்ந்தால் ஓர் இடத்துக்கு மாதம் 58 டாலர் சொச்சம். அனுமதிக்க வேண்டிய உயர்வு அதுதான். எந்தச் செலவு நிர்வாகச் செலவு, எது முதலீடு, தார் போட்ட சாலையின் செலவை எத்தனை ஆண்டுக்குப் பிரிப்பது, நீச்சல் குளத்தை மூடிவிட்டால் அதை மறைமுகமான வாடகை உயர்வாகக் கொள்ளலாமா என்று வாதங்கள் கிளம்பும். கணக்கு எளிது, கணக்குக்குள் எதை எழுதுவது என்பதுதான் வழக்கறிஞர்களுக்குச் சோறு போடுகிறது.

அவற்றில் மிகக் கடுமையானது கடன் வட்டி. கார்சன் நகரில் ஒரு நிறுவனம் 2006இல் கோலனி கோவ் என்ற பார்க்கை 2 கோடியே 30 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. அதில் 1 கோடியே 80 லட்சம் கடன். கடன் தவணையையும் செலவில் சேர்த்துப் பார்த்தால் பார்க் நட்டத்தில் ஓடுகிறது என்று சொல்லி, இடம் ஒன்றுக்கு மாதம் 600 டாலருக்கும் மேலான உயர்வு கேட்டது. கடனைச் சேர்க்காமல் கணக்கிட்ட நகரம் 40 டாலருக்கும் குறைவாகத்தான் தந்தது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடுவர் குழு 2016இல் நிறுவனத்துக்குச் சாதகமாக 30 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது.

நகரத்தின் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஒரே மாதிரிப் பார்க்குகளில், ஒன்றின் உரிமையாளர் பரம்பரையாக வைத்திருப்பவர், மற்றவர் போன மாதம் கடன் வாங்கிப் பிடித்தவர் என்பதற்காக இரண்டாவது பார்க்கில் குடியிருக்கும் ஓய்வூதியக்காரர் இரு மடங்கு கட்ட வேண்டும் என்றால், அதிக விலை கொடுத்து வாங்குவதே வாடகையை ஏற்றும் உத்தியாகிவிடும். கட்டுப்பாடு இருக்கும் ஊர் என்று தெரிந்தே வாங்கியவர் அந்த விலையைப் பேசித்தானே வாங்கியிருக்க வேண்டும்?

இனி, வாங்குபவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது: வீடு கைமாறும்போது வாடகை என்னவாகும்? சில நகரங்களில், குடியிருப்பவர் வீட்டை அதே இடத்தில் விற்றால் புதியவருக்கும் பழைய வாடகையே தொடரும். சில நகரங்களில் கைமாறும்போது ஒரு குறிப்பிட்ட சதவீதம் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். சில இடங்களில் உரிமையாளர் சந்தை வாடகைக்கே கொண்டுபோய்விடலாம். அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடு மறுபடி தொடங்கும். அடுக்குமாடி வீடுகளைப் பொறுத்தவரை, காலியான வீட்டின் வாடகையை உள்ளூர் அரசு கட்டுப்படுத்துவதை 1995ஆம் ஆண்டு மாநிலச் சட்டமே தடுத்துவிட்டது. பார்க் இடவாடகையில் உள்ளாட்சிகளுக்கு அந்தத் தடை இல்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. இப்போது குடியிருப்பவர் 900 டாலர் இடவாடகை கட்டுகிறார், வீட்டை விற்றால் வாங்குபவருக்கு அது 1,200 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கில் நிற்கும் வீட்டுக்கு நிலம் இல்லாததால் வழக்கமான வீட்டுக் கடன் கிடைப்பது கடினம். அசையும் சொத்துக்கான கடன்தான் பெரும்பாலும் கிடைக்கும், வட்டியும் கூடுதல். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், மாதம் 300 டாலர் தவணை சுமார் 33 ஆயிரம் டாலர் கடனுக்குச் சமம். அதாவது இடவாடகையில் ஏறிய 300 டாலர், விற்பவரின் கையிலிருந்து 33 ஆயிரம் டாலரை உருவிக்கொண்டு போகிறது. நிலக்காரர் வீட்டைத் தொடவே இல்லை. வீட்டின் மதிப்பில் ஒரு பகுதி அவர் நிலத்துக்கு நகர்ந்துவிட்டது.

இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால் உரிமையாளர்களின் குறை புரியும். வாடகை கைமாறும்போதும் ஏறாது என்றால், குறைந்த வாடகையில் உட்காரும் வசதிக்காக வாங்குபவர் வீட்டுக்கு அதிக விலை கொடுப்பார். கோலீட்டா நகரைப் பற்றிய வழக்கில், சுமார் 14 ஆயிரம் டாலர் மதிப்புள்ள வீடுகள் சராசரியாக ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு விற்கின்றன, மிச்சமெல்லாம் எங்கள் நிலத்தின் மதிப்பு என்று பார்க் உரிமையாளர்கள் நிபுணரை வைத்துக் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கை வெறும் புலம்பல் என்று தள்ள முடியாது. கட்டுப்பாடு வந்த நாளில் குடியிருந்தவருக்கு லாபம். பின்னால் வருகிறவர் அந்த லாபத்துக்கு விலை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். இருந்தும், கைமாறும்போது வாடகையை முழுக்கத் திறந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அப்படிச் செய்தால் நகராமல் நிற்கும் வீட்டைப் பணயமாக வைத்துப் பேரம் பேசும் பழைய நிலைமை, விற்கும் நாளன்று திரும்பி வந்துவிடும். சிறு சதவீத உயர்வை அனுமதிக்கும் நடுவழி எனக்குச் சரியாகப் படுகிறது.

நீதிமன்றங்கள் இந்தச் சண்டையில் என்ன செய்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சான் டியேகோ அருகிலுள்ள எஸ்கன்டீடோ நகர வாக்காளர்கள் 1988 ஜூனில் ஒரு சட்டத்தை நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். பார்க் வாடகைகள் 1986ஆம் ஆண்டு அளவுக்குத் திருப்பப்பட்டன. நகர மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் உயர்த்த முடியாது என்று ஆனது. இரண்டு பார்க்குகளின் உரிமையாளர்களான யீ தம்பதியர், அரசு எங்கள் நிலத்தையே பறித்து வாடகைதாரருக்குக் கொடுத்துவிட்டது, இழப்பீடு வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அதுவரை, கலிபோர்னியாவை உள்ளடக்கிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சான்டா பார்பரா வழக்கொன்றில் இத்தகைய வாதத்துக்கு இடம் கொடுத்திருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் அதை ஏற்கவில்லை. நீதிபதி சான்ட்ரா டே ஓ'கானர் எழுதிய தீர்ப்பின் சாரம்: நிலத்தை வாடகைக்கு விடுவது என்று முடிவெடுத்தவர்கள் உரிமையாளர்களே, குடியிருப்போரை யாரும் வலுக்கட்டாயமாக அவர்கள் மீது ஏற்றவில்லை, எனவே இது நிலத்தைக் கைப்பற்றுவது ஆகாது. கட்டுப்பாடு அளவு மீறிப் போய்விட்டதா என்ற வேறு கேள்வியை அந்த வழக்கில் நீதிமன்றம் தீர்க்கவில்லை. அந்தக் கேள்வி கோலீட்டா வழக்கில் வந்தது. உரிமையாளர்கள் பார்க்கை வாங்கியது 1997இல், அப்போதே கவுண்டியின் கட்டுப்பாடு அமலில் இருந்தது, அது அவர்கள் கொடுத்த விலையிலேயே அடங்கிவிட்டது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிந்த அமர்வு 2010இல் முடிவு செய்தது.

வாக்குப் பெட்டியிலும் முயற்சிகள் நடந்தன. பார்க் வாடகைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக ஒழிக்கும் 199ஆம் எண் முன்மொழிவை 1996 மார்ச்சில் மாநில வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். எல்லா வாடகைக் கட்டுப்பாட்டையும் ஒழிக்க முயன்ற 98ஆம் எண் முன்மொழிவு 2008 ஜூனில் தோற்றது. கலிபோர்னியாவில் நிலைமை இப்படி. ஃபுளோரிடாவிலோ உள்ளாட்சிகள் இதில் தலையிடுவதையே மாநிலச் சட்டம் தடுக்கிறது. நியூயார்க் 2019இல் மாநிலம் முழுவதற்கும் 3 சதவீதம், காரணம் காட்டினால் 6 சதவீதம் வரை என்று விதித்தது. வாஷிங்டன் மாநிலம் 2025இல் 5 சதவீத வரம்பு கொண்டுவந்தது.

கட்டுப்பாட்டுக்கு வெளியே நழுவும் வழிகளும் இருக்கின்றன. 12 மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையில் கையெழுத்திட்டால் உள்ளூர்ச் சட்டம் பொருந்தாது என்று நெடுங்காலம் ஒரு விதிவிலக்கு இருந்தது. நிர்வாகங்கள் அத்தகைய தாள்களை நீட்டுவதும், படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் பின்னால் வருந்துவதும் சாதாரணம். 2020இல் நிறைவேறிய திருத்தத்தால் அந்த விதிவிலக்கு 2025 ஜனவரி 1 முதல் முற்றிலும் இல்லாமல் போனது. ஆனால் வீடு முதன்மை வசிப்பிடமாக இல்லாவிட்டால் கட்டுப்பாடு பொருந்தாது என்ற விதி இருக்கிறது. பெற்றோர் ஆண்டில் பெரும்பகுதியைக் கோவையிலோ மதுரையிலோ கழிப்பவர்கள் என்றால் இதை முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

பார்க்கையே மூடிவிடுவது இன்னொரு வழி. பாலோ ஆல்டோ நகரின் ஒரே பார்க்கான புவேனா விஸ்டாவை மூடப்போவதாக உரிமையாளர் 2012இல் அறிவித்தார். சுமார் 400 பேர் வாழ்ந்த இடம். 2015இல் நகர மன்றம் மூடுவதற்கு ஒப்புதலும் அளித்தது. கடைசியில் 2017இல் சான்டா கிளாரா கவுண்டியின் வீட்டுவசதி ஆணையம், நகரமும் கவுண்டியும் பணம் போட, 4 கோடி டாலருக்குச் சற்று மேற்பட்ட விலைக்கு அந்த நிலத்தையே வாங்கிவிட்டது. வாடகையை எவ்வளவுதான் கட்டுப்படுத்தினாலும், நிலத்தின் விலை அந்த அளவுக்கு ஏறிவிட்ட ஊரில், நிலத்தை வாங்குவதைத் தவிர வேறு எதுவும் குடியிருப்போரைக் காப்பாற்றியிருக்காது. மூடும்போது வேறு பார்க்கில் இடம் கிடைக்காதவர்களுக்கு, வீடு அதே இடத்தில் நின்றால் பெறக்கூடிய சந்தை மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்று அதே 2020ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது; முன்பிருந்ததைவிட இது பெரிய பாதுகாப்பு.

ஆகவே தரகர் சொன்னதை நம்பலாம், ஆனால் பாதி அளவுக்கு. அந்தப் பார்க் எந்த நகரத்தின் அல்லது கவுண்டியின் எல்லைக்குள் இருக்கிறது என்பதை நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவில் உறுதி செய்யுங்கள். அங்கேயே சட்டத்தின் நகலைக் கேட்டு, வீடு கைமாறும்போது வாடகை என்னவாகும் என்ற பிரிவை மட்டுமாவது முழுமையாகப் படியுங்கள். நிலுவையில் இருக்கும் உயர்வு மனு ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். பார்க் அண்மையில் விற்கப்பட்டிருந்தால் இருக்க வாய்ப்பு அதிகம். இப்போதைய குடியிருப்பவரிடம் கடைசி மூன்று ஆண்டு வாடகை நோட்டீஸ்களைப் பார்க்கக் கேளுங்கள். அதில் இடவாடகை ஒரு வரியிலும், தண்ணீர், குப்பை, கழிவுநீர், சீரமைப்புச் செலவின் பங்கு ஆகியவை தனித்தனி வரிகளிலும் இருக்கும். கட்டுப்பாடு பெரும்பாலும் முதல் வரிக்கு மட்டும்தான் முழுமையாகப் பொருந்துகிறது. பெற்றோரின் வரவுசெலவைப் போடும்போது கூட்ட வேண்டியது எல்லா வரிகளையும்.